சிவப்புக் கயிற்றை இழுக்கச் சொன்னவன் நான்

என் பெயர், தந்தை பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடங்களாக கராஜ் கதவுகளுக்கு ஸ்பிரிங் மாற்றும் வேலை செய்து வருகிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்பு இதே காவல் நிலையத்தில், இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதிலும் இதே பெயரும் முகவரியும்தான் இருக்கும். அந்தத் தாளில் உண்மையாக இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை, கூட வந்தாள்.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரின் வீட்டில் கராஜ் கதவு விழுந்து, அவருடைய மனைவிக்குத் தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது சம்பந்தமாகத்தான் அந்த வாக்குமூலம். நான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சர்வேயரிடம் போனில் சொன்னதாகவும், அவர் அதை மறந்துபோய் மோட்டாரின் சிவப்புக் கயிற்றை இழுத்ததால் கதவு விழுந்ததாகவும் அதில் சொல்லியிருந்தேன். அது பொய். இழுக்கச் சொன்னது நான். அந்தப் பொய்யை நம்பி, சர்வேயரின் மகன் வருகிற திங்கட்கிழமை தன் தகப்பனாரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்கு, ஐயா இல்லத்துக்கு என்று முடிவாகியிருக்கிறது. நாற்பத்துநான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இன்று வெள்ளிக்கிழமை ஆனதால் நேரம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கதவு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லும்படி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். மேற்படி வீட்டுக் கதவு ஐந்து பலகைகளைக் கீல் வைத்துக் கோத்தது, எடை நூற்று முப்பது கிலோ. பொத்தானை அழுத்தினால் மோட்டார் அதைத் தூக்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்குவது மோட்டார் அல்ல. கதவுக்கு மேலே சுவரை ஒட்டி ஓர் இரும்புத் தண்டு குறுக்காகப் போகும், அதில் இரண்டு கனமான ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும், தண்டின் இரண்டு முனையிலும் உருளைகள் இருக்கும், உருளைகளிலிருந்து இறங்கும் கேபிள்கள் கதவின் அடிப்பலகையைப் பிடித்திருக்கும். கதவு இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும், ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கும். முறுக்கு சரியாக இருந்தால் நூற்று முப்பது கிலோவையும் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம், பாதியில் விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். மோட்டார் சும்மா கூடவே போய்வரும், அவ்வளவுதான். பாரம் சுமப்பது ஸ்பிரிங், பேர் வாங்குவது மோட்டார், நம்ம வீட்டிலும் அதே கதைதான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

மோட்டாரின் பிடியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். மின்சாரம் போன நேரத்தில் அதை இழுத்தால் கதவு மோட்டாரை விட்டு விடுபடும், கையால் திறந்துகொள்ளலாம். கதவு தரையில் இருக்கும்போது அதை இழுத்தால் ஆபத்தில்லை. கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் அறுந்திருந்தால், கதவை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டார் மட்டும்தான், அப்போது கயிற்றை இழுத்தால் அந்தப் பிடியும் போய்விடும். ஆகவே கயிற்றைப் பற்றி வாய் திறக்கும் முன்பே, கதவு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் இது தெரியும். நான் கேட்கவில்லை.

விபத்துக்கு மூன்று மாதம் முன்பு அந்த வீட்டுக் கதவில் இடதுபக்க ஸ்பிரிங் அறுந்து, நானும் என் மனைவியும் போய் அதை மாற்றிக் கொடுத்தோம். ஜோடியாக இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே வயது, ஒன்று போன கொஞ்ச நாளில் மற்றதும் போய்விடும். அன்று என் வண்டியில் அந்த அளவில் ஒன்றுதான் இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்றைக் கொண்டுவந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. சர்வேயர் இரண்டு முறை போன் செய்து ஞாபகப்படுத்தினார், இரண்டு முறையும் அடுத்த வாரம் என்றேன். மறதிக்காரர் என்று நான் யாரைப் பற்றிச் சொன்னேனோ, அவர்தான் அதை மறக்காமல் இருந்தவர் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு மறதி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் கையில் குடையோடு கராஜுக்குள் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பின்னாலேயே வந்த சர்வேயர் வீட்டு அம்மா, "எதுக்குக் குடையை எடுத்தோம்னு தெரியாம நாலு ரூமையும் சுத்தி வர்றாரு. போகட்டும், வாக்கிங் ஆச்சு" என்றார். அவர் உள்ளேயிருந்தே, "வீட்டோட அளவு மாறியிருக்கான்னு பாத்தேன்டி" என்று குரல் கொடுத்தார். நாங்கள் நால்வரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத்தான் நான் பிறகு உபயோகப்படுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு, சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நானும் என் மனைவியும் வேறொரு வீட்டில் புது ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்றிக்கொண்டிருந்தோம். முறுக்கேற்றுவது என்றால், ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் துளைகளில் இரண்டு எஃகுக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிக் கால் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும், அந்தக் கதவுக்கு முப்பது கால் சுற்று. நான் ஏணியில் நின்று திருப்புவேன், அவள் கீழே நின்று எண்ணுவாள். கம்பி கை நழுவினால் சுழன்று வந்து முகத்தைப் பெயர்த்துவிடும். அவள் "பத்தொம்பது" என்று சொன்னபோது போன் அடித்தது. சர்வேயர் என்று பார்த்துச் சொன்னவள், ஸ்பீக்கரைப் போட்டு, ஏணியில் ஒரு படி ஏறி என் காதருகே பிடித்தாள்.

சர்வேயர், "தம்பி, கதவைத் திறக்கப் பட்டனை அழுத்தினேன், டமார்னு ஒரு சத்தம். இப்ப மோட்டார் உறுமுது, கதவு நகர மாட்டேங்குது. அம்மாவைப் பதினொண்ணுக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், வண்டி உள்ள மாட்டிக்கிச்சு, என்ன செய்யட்டும்?" என்றார்.

நான், "மோட்டார்ல சிவப்புக் கயிறு ஒண்ணு தொங்குது பாருங்க, அதைப் பிடிச்சு நல்லா இழுங்க. அப்புறம் கையாலயே தம் கட்டித் தூக்கிக்கலாம்" என்றேன்.

அவர், "இழுக்கலாமா தம்பி? ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார்.

நான், "ஒண்ணும் ஆகாது ஐயா, இழுங்க" என்றேன்.

போனை வைக்கச் சொல்லி என் மனைவிக்குத் தலையை ஆட்டினேன். அவள் கீழே இறங்கி நின்றதும் கம்பியைத் திருப்பினேன், அவள் "இருபது" என்றாள். என் போனில் அந்த அழைப்பு ஐம்பத்திரண்டு நொடி என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை இன்று கொண்டுவந்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

கையில் கம்பி இருந்ததால் யோசிக்க நேரமில்லை என்று எனக்கு நானே ஒரு மாதமாகச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும். "டமார்" என்று அவர் சொன்ன அந்த நிமிஷமே, அது நான் மாற்றாமல் விட்ட வலதுபக்க ஸ்பிரிங் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொன்னவன் நான். அவர் அதைக் கேட்டுவிடுவதற்குள் பேச்சை முடிக்கப் பார்த்தேன். பத்தில் ஒன்பது வீட்டில் கதவு கீழே இருக்கும்போதுதான் ஸ்பிரிங் அறுகிறது, அதனால் இங்கேயும் கீழேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். வெட்கத்தில் அவசரப்பட்டேன் என்பதுதான் உண்மை.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, சர்வேயர் பின்னர் சொன்னதைச் சொல்கிறேன். கதவு முக்கால்வாசி ஏறி அவருடைய தலைக்குச் சற்று மேலே நின்றிருக்கிறது. கதவு கிடுகிடுவென்று ஆடியதால் அதன் அடியில் வண்டியை எடுக்கப் பயந்து, அம்மா வாசலில் நின்று அடிப்பலகையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார். நான் சொன்னபடி சர்வேயர் முதலில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். அப்படி நான் சொல்லவில்லை, அது அவராகச் செய்த ஜாக்கிரதை. இதைத் திருத்திக்கொள்ளவும். அதன் பிறகு கயிற்றை இழுத்திருக்கிறார். இருந்த ஒரு ஸ்பிரிங் பாதி எடையைத்தான் தாங்கும். மீதி எடை, இறங்க இறங்க அறுபத்தைந்து கிலோ வரை கூடி, அம்மாவின் தோளில் விழுந்து, அவரைச் சாய்த்து, தொடைமேல் உட்கார்ந்துவிட்டது.

பதினொன்று ஐந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சர்வேயரின் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குள் நான் அந்த வீட்டு வேலையை முடித்து, கதவைப் பாதியில் நிறுத்திப் பார்த்து, நிற்கிறது என்ற திருப்தியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. என் மனைவிதான் சாமான்களை வண்டியில் ஏற்றினாள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நடைபாதையில் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கைப்பை அவர் மடியில் இருந்தது. அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மகன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகன், "நீங்கதானே கதவுக்காரர்? நீங்க சொல்லித்தான் கயித்தை இழுத்தேன்னு அப்பா சொல்றாரு. என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டார்.

நான், "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கன்னுதானே சொன்னேன்" என்றேன். இதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் கூசாமல் தானாக வந்தது. ஆனால் சொன்ன பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. சர்வேயர் ஜிப்பை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். கோபப்படுவார், பொய் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நானும் ஒருவேளை உடைந்திருப்பேன். அவர், "அப்படியா தம்பி சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நான், "ஆமாங்க ஐயா" என்றேன். அவர் மகனைப் பார்த்து, "சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் மனசுல நிக்கல" என்றார்.

திரும்பும்போது வண்டியில் என் மனைவி, "போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். உண்மையைச் சொன்னால் தொழில் போகும், வழக்கு வரும், மகளின் படிப்பு நிற்கும் என்று வீடு வருகிற வரைக்கும் நான் அவளுக்கு அடுக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டு நாள் கழித்து இங்கே அழைத்தார்கள், வந்து முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அன்று இருந்த அதிகாரி மூன்றே கேள்விதான் கேட்டார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே போய் ஒரு டீ குடித்தேன், அது நன்றாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு என் மனைவி என்னோடு வேலைக்கு வருவதில்லை. சண்டை போடவில்லை, உடம்பு சரியில்லை என்றும் சொல்லவில்லை, வண்டியில் ஏறவில்லை, அவ்வளவுதான். பதினாறு வருடம் அவள் எண்ணிய பழக்கத்தில் எனக்கு எண்ணவே வராமல் போய்விட்டது. இருபத்தேழா இருபத்தெட்டா என்று குழம்பி, ஏற்றிய முறுக்கை எல்லாம் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தது நாலு வீட்டில் நடந்தது.

அதன் பிறகு, சம்பவம் நடந்து மூன்றாவது வாரம், ஒரு முற்பகலில் சர்வேயர் இரண்டு பஸ் மாறி என் பட்டறைக்கு வந்தார். பட்டறை என் வீட்டின் முன்பகுதிதான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, "உக்காருங்க தம்பி. இந்த ஸ்பிரிங் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ஒருதடவை சொல்லுங்க. நான் என்ன பண்ணினேன்னு எனக்கே புரியணும்" என்றார்.

சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த தண்டைக் காட்டி, கதவு கீழே இருக்கும்போது முழு எடையும் கேபிளில் தொங்கும், அப்போது முறுக்கு அதிகம், மேலே போகப் போக ஒவ்வொரு பலகையாக வளைந்து கூரையை ஒட்டிப் போகும் இரும்பு டிராக்கின் மேல் படுத்துக்கொள்ளும், தொங்கும் எடை குறையும், அதே அளவுக்கு முறுக்கும் குறையும் என்று சொன்னேன். அவர் ஸ்கேல் வைத்துப் படம் வரைந்துகொண்டார். என்னுடைய இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் இதைப் புரிந்துகொண்டதில்லை. "அப்போ எடையும் முறுக்கும் எல்லா உயரத்துலயும் சமமா இருக்கணும், அதுதான் கணக்கு" என்றார். "ஆமாங்க" என்றேன். "ஒண்ணு அறுந்துட்டா மோட்டார்தான் பிடிச்சிருக்கும். கயித்தை இழுத்தா அதுவும் போச்சு." "ஆமாங்க." "அதனாலதான் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கீங்க." மூன்றாவது முறையும் நான் "ஆமாங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்து, அன்று போனில் சொன்னதை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். எதற்கு என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எனக்கு என்னவோ நீங்க இழுக்கச் சொன்ன மாதிரியே காதுல கேட்டுக்கிட்டு இருக்கு தம்பி. மூளை அப்படிப் பண்ணுது. நாளைக்கு வேற யார்கிட்டயாவது உங்க மேல பழியைப் போட்டுட்டா பாவமில்லையா. நான் முப்பத்தஞ்சு வருஷம் நிலம் அளந்தவன், நோட்டுல இருந்தாத்தான் எனக்கு நிக்கும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பேனாவை வாங்கினேன். பிறகு எழுதினேன். "கதவைத் தொட வேண்டாம் என்று நான் போனில் சொன்னேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, "நல்ல கையெழுத்து" என்றார். என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள், எனக்குப் பின்னால் நின்று அந்த வரியைப் படித்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை டம்ளருக்காகக் காத்திருந்தாள். பிறகு அவரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னபோது எனக்குப் பயம் இருந்தது. அன்று பட்டறையில் பயம்கூட இல்லை, எழுதிவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

மறுநாளிலிருந்து என் மனைவி தினமும் மாலை ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மாவுக்குத் தலை வாரிவிடுவது, துணி துவைத்துக் கொடுப்பது என்று இருந்தாள். இந்த வாரம் புதன்கிழமை திரும்பி வந்து, திங்கட்கிழமை சர்வேயரை இல்லத்தில் சேர்க்கப் போகிறார்கள் என்று சொன்னாள். மகன் அவரை மறதி டாக்டரிடம் காட்டினாராம், டாக்டர் வயதுக்கு இது சகஜம் என்றுதான் சொன்னாராம், ஆனால் மகன் கேட்கவில்லையாம். அப்பாவை இனிமேல் அம்மாவோடு தனியாக விட முடியாது, மறுபடி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்கிறாராம். மகனை நான் குறை சொல்லவில்லை. பெற்ற தாயின் காலில் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள், அவர் நம்பியது என் வார்த்தையை.

அம்மா என் மனைவியிடம், "அவரு மறப்பாரும்மா, ஆனா சொன்னதை மீற மாட்டாரு. தொடாதேன்னு சொன்னா நாள் முழுக்க அங்கயே நிப்பாரு. இது மட்டும் எனக்கு ஒட்டவே இல்ல" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு என் மனைவி, "அவங்க கேட்டாங்க, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நாளைக்கு மறுபடி கேட்டா சொல்லிடுவேன்" என்றாள்.

அதன் பிறகு நேற்று வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சர்வேயர் வார்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். அவருக்கு முன்னால் நின்று, "ஐயா, உங்க காதுல கேக்கறதுதான் நிஜம். இழுக்கச் சொன்னது நான். ஒண்ணும் ஆகாதான்னு நீங்க கேட்டீங்க, ஆகாதுன்னு சொன்னேன். பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்" என்று சொன்னேன். ஒரு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லி முடித்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இல்லத்துல சேக்கறதைக் கேள்விப்பட்டு வந்திருக்கீங்க, இல்ல? உங்க வீட்டம்மா சொல்லியிருப்பாங்க" என்றார். நான் தலையாட்டினேன். "ரொம்ப நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஆனா செய்யாத தப்பை நீங்க ஏத்துக்கக் கூடாது. உங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றார். நான் மறுபடியும், ஐயா நான் சொல்வது நிஜம் என்றேன். அவர் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, பக்கத்தைச் சரியாகப் பிரித்து, நான் எழுதிய வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். "பாருங்க. உங்க கையெழுத்துதானே? தேதி இருக்கு. நான் மறந்தாலும் இது மறக்காது" என்றார். என்னைத் தேற்றுவதற்காக முதுகில் தட்டியும் கொடுத்தார். நான் அழுதேன். இரக்கத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மகனுக்குப் போன் செய்தேன். அவர், "அப்பா உங்களை அனுப்பினாரா?" என்று கேட்டுவிட்டு, போலீஸில் ஒரு மாதிரியும் தன்னிடம் வேறு மாதிரியும் சொல்ல வேண்டாம் என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். வாயால் சொன்னால் இனி யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்ததால் இங்கே எழுத்தில் கொடுக்க வந்தேன். இதனால் எனக்கு என்ன தண்டனை வரும் என்று அதிகாரி விளக்கிச் சொன்னார், புரிந்துகொண்டேன். என் மனைவி தான் கேட்டதைத் தனியாக வாக்குமூலமாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள்.

நான் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதன் நகலை முத்திரை வைத்து, திங்கட்கிழமைக்கு முன்பு சர்வேயரின் மகனிடம் கொடுக்க வேண்டும். சர்வேயருக்கு இதை அதிகாரி ஒருவரே நேரில் வாசித்துக் காட்ட வேண்டும், நான் வாசித்தால் அவர் மறுபடி என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்.

இதை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினார்கள். மோட்டாரின் பிளக் சம்பந்தமாக நான் சொன்ன திருத்தம் தவிர வேறு மாற்றம் இல்லை. சொன்னவை அனைத்தும் நானாகச் சொன்ன உண்மை. கீழே இருப்பது என் கையெழுத்து. சர்வேயர் ஐயாவின் நோட்டில் இருப்பதும் என் கையெழுத்துதான். அது பொய், அதை அவர் அடித்துவிடலாம்.

(ஒப்பம்)